அயலாரை வினவுதல்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பர். ஆயின் முகத்துக்கும் ஓர் அகம் உண்டு. மூக்கின் இருமருங்கிலும் நெற்றியிலும் கண்களுக்கிடையிலும் காற்று நிறைந்த என்புக் குடாக்கள் உள. அவற்றின் பின்னே தசையும் கொழுப்பும் குருதிக் குழாய்களும் செறிந்த ஆழிடங்கள் உள. அங்கே முளைக்குங் கட்டி நெடுங்காலம் வெளித்தெரியாது. கதிரியல் வைத்தியனாகிய யான் அவ்விருளிடத்தை நோக்கியே என் தொழில் நாள்களைக் கழித்து வருகின்றேன்.

1895 இல் றொண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். எனினும் அப்படத்தில் முன்னும் பின்னுமுள்ள என்புகள் ஒன்றன்மேலொன்று படிந்து மயக்கும். 1971 இல் ஹவுன்ஸ்பீல்டின் சி.ரி. கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையைத் தளந்தளமாகப் பிரித்துக் காட்டிற்று. பின்னர் வந்த எம்.ஆர்.ஐ., தேங்கிய சளி எது, கட்டி எது என வேறுபடுத்த உதவிற்று.

கருவி எதுவாயினும், கட்டியை மாத்திரம் நோக்கினாற் போதாது. அதன் அயலாரையும் வினவுதல் வேண்டும். தொண்டையின் பக்கத்தே கொழுப்புத் திரளொன்று உண்டு. காதடி உமிழ்நீர்ச் சுரப்பியின் ஆழ்பகுதியிற் பிறந்த கட்டி அதனை உள்நோக்கித் தள்ளும். கழுத்துப் பெருநாடியை அடுத்துப் பிறந்தது முன்னோக்கித் தள்ளும். மெல்ல வளர்வது என்பை வளைக்கும். கொடியது பெரும்பாலும் அரிக்கும். தெரிந்ததைக் கொண்டு தெரியாததை நிறுவுக என்று கேத்திரகணித வகுப்பில் நம் ஆசான் கற்பித்த முறையே இதுவுமாகும்.

பதினைந்து வயது மாணவன் ஒருவனுக்கு ஒருபக்க மூக்கடைப்பு. அடிக்கடி குருதியும் வடிந்தது. உடற்சூடு என்றே வீட்டார் எண்ணியிருந்தனர். அவனது படத்தில் மேற்றாடைக் குடாவின் பின்சுவர் முன்னோக்கி வளைந்திருந்தது. ஏறத்தாழ ஆண்பிள்ளைகளை மாத்திரமே இளம்பருவத்திற் பற்றும் குருதிநார்க் கட்டியின் அடையாளம் அது. புற்றன்று, ஆயினும் குருதி மலிந்தது. சோதனைக்கெனச் சிறிது கிள்ளினும் அடங்காப் பெருக்கு நேரலாம். ஆகவே, துண்டெடுக்க வேண்டாமென உடனே சத்திரசிகிச்சை நிபுணருக்கு அறிவித்தேன். கட்டியை ஊட்டிய குழாய்களை முதலில் அடைத்து, பின்னரே அதனை அகற்றினர். அவன் மறு தவணைக்குப் பாடசாலை சென்றான்.

மாணவத் தம்பியரே, விடுதிப் பொறுப்பாசிரியர்களே, மூக்கிற் குருதி வடிவது பெரும்பாலும் அற்ப காரணத்தாலேயே. ஆயின் ஒரே பக்கத்தில் அடைப்பு நீடித்து, குருதியும் மீளமீள வருமாயின், வெயிலின்மேற் பழிபோட்டு வாளாவிருத்தல் தகாது, வைத்தியரை நாடுக.