நிறம் சேர்ந்தால் போதுமா?

ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகிற வழியில், பெரிய வாகன ஆலைகளின் நிழலில் சின்னச் சின்ன தகர ஷெட்கள் ஏராளம். நான் நுழைந்ததில் மாடுலர் கிச்சன் செய்கிறார்கள். உள்ளே சூடான பசை வாடை. எட்டுக்கு நான்கு அடிப் பலகைகளில் பாதிக்குமேல் மினுங்காத மேட்தான். பளபளா கிளாஸி மோகம் தணிந்துவிட்டது போல.

கருஞ்சாம்பல் பலகைக்கு எட்ஜ் பேண்ட், அதாவது விளிம்பை மூடும் பிளாஸ்டிக் டேப், தேர்வு நடந்துகொண்டிருந்தது. ஷேடு கார்டைக் கேட்டேன். "கார்டைப் பார்த்து முடிவு பண்ணக் கூடாது சார்," என்றார் ஃபோர்மேன். டேப்பில் ஒரு துண்டை வெட்டி, பலகையின் முகத்தில் வைக்காமல் விளிம்பில் ஒட்டி, கதவு நிற்கிற மாதிரி நிமிர்த்தினார். டியூப்லைட்டில் ஒரே நிறம். வாசல் வெயிலுக்குக் கொண்டுபோனதும் டேப் லேசாகச் சிவப்படித்தது. பலகையின் நிறம் காகிதத்தில் ஏறியது, டேப்பின் நிறம் பிளாஸ்டிக்கில் கலந்தது. விளக்கு மாறினால் இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

வேறு ரோல் எடுத்தார். நிறம் சேர்ந்தது; சாய்த்துப் பார்த்தால் விளிம்பு மட்டும் மின்னியது. மேட்டில் வினையே இங்கேதான். நிறத்தில் நூலிழை வித்தியாசத்தைக் கண் மன்னிக்கும், மினுமினுப்பை மன்னிக்காது. பளபளப்பை அளக்க மீட்டர் உண்டு: வழக்கமாக 60 பாகைக் கோணத்தில் வைப்பார்கள், அதில் 10 அலகுக்குக் கீழே வந்தால் 85 பாகையில் அளப்பார்கள். இங்கே மீட்டர் இல்லை, ஃபோர்மேனின் கண்தான்.

பிறகு டேப்பை ஒட்டும் மெஷின். 18 மி.மீ. பலகைக்கு 22 மி.மீ. அகல டேப், மிஞ்சுவதைக் கட்டர் சீவித் தள்ளுகிறது. கடைசியில் பஃபிங் சக்கரம். அது கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாலும் மேட் விளிம்பு மெருகேறிவிடும். 2 மி.மீ. டேப்பில் இன்னொரு சங்கடம்: முனையை உருட்டும்போது மேலிருக்கும் மேட் பூச்சு சீவப்பட்டு, அடிப் பிளாஸ்டிக் தெரியும். அதனால் மேட்டுக்கு 1 மி.மீ. போதும் என்பது என் கட்சி. கறுத்த பலகைக்கு வெள்ளைப் பசை வேண்டவே வேண்டாம்; விளிம்பு நெடுகிலும் வெள்ளைக் கோடு விழும்.

கிச்சன் செய்யக் கொடுப்பவர்கள், மெஷினில் ஓட்டி பஃபிங் முடித்த துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, சொந்த வீட்டு வெளிச்சத்தில் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.