குப்பைக்கு மூடி போடக் கற்ற மாநகரம்

“சுவரோரமா நடக்காத கண்ணு, நடைபாதை நடுவாலயே வா” என்றார் சித்தி. நியூயார்க் மன்ஹாட்டனில், பிராட்வேயும் 103ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு வடக்கே நடந்துகொண்டிருந்தோம். டிசம்பர் குளிர். ஹட்சன் ஆற்றுப் பக்கமிருந்து வந்த காற்று காது மடலைக் கிள்ளி எடுத்தது. எங்கோ சர்க்கரைப் பாகில் முந்திரி வறுபடும் வாசனை; அதற்கு அடியிலேயே புளித்துப்போன பாலாடையின் வீச்சம்.

வீச்சம் வந்த திசையில் பார்த்தால், வாசலுக்கு வாசல் கறுப்பு பிளாஸ்டிக் மூட்டைகள், மார்பளவு உயரத்துக்கு! உலகத்தின் பணமெல்லாம் வந்து சேரும் ஊர், தன் எச்சில் சோற்றை இரவில் தெருவிலேயே அடுக்கி வைக்கிறது! வாய் பிளந்து நிற்கும்போதே ஒரு மூட்டை அசைந்தது. அதன் அடிவயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது ஒரு பழுப்பு எலி. ரொட்டித் துண்டு ஒன்றைக் கவ்விக்கொண்டு, சுவரை உரசியபடியே ஓடி மறைந்தது. சித்தி ஏன் நடுவால் வரச் சொன்னார் என்று அப்போது புரிந்தது.

இந்த மூட்டைகளுக்கு ஒரு கதை உண்டு. 1811இல் மன்ஹாட்டனுக்குத் தெருக்கட்டம் வரைந்தவர்கள் வீடுகளுக்குப் பின்னால் சந்துகளை விடவில்லை. அதனால் குப்பை முன்வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும். பிளாஸ்டிக் பை வருவதற்கு முன் வாசலில் தகரத் தொட்டிகள் இருந்தன. 1968 பிப்ரவரியில் துப்புரவுத் தொழிலாளர்கள் ஒன்பது நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் தொட்டியின் இடத்தை பிளாஸ்டிக் பை பிடித்தது. தூக்குகிறவர்களுக்குப் பாரம் குறைந்தது, தொட்டிச் சத்தம் ஓய்ந்தது. எலிக்கோ, பல் பட்டாலே கிழிகிற பையில் தினமும் விருந்து!

மறுநாள் காலை சித்தி என்னை ஒரு வகுப்புக்கு அழைத்துப் போனார். அதன் பெயர் ‘எலி அகாடமி’. நகரச் சுகாதாரத் துறை பொதுமக்களுக்கு இலவசமாக நடத்துவது. குளிர்க்கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பாட்டிகளும், கடைக்காரர்களும், கட்டடங்களைப் பராமரிக்கும் ‘சூப்பர்’களும் பள்ளிப் பிள்ளைகளைப் போலக் குறிப்பெடுத்தார்கள். எலியின் கர்ப்பகாலம் மூன்றே வாரம். ஒரு ஈற்றில் எட்டு, பத்துக் குட்டிகள். ரூபாய் நாணயம் அளவு ஓட்டை கிடைத்தால் உடலைச் சுருக்கி உள்ளே நுழைந்துவிடும். புதுப்பொருள் எதையும் நம்பாது. பொறி வைத்தால் நாள்கணக்கில் அதைச் சுற்றிப் போகும். இத்தனை நுணுக்கத்தையும் சாதாரண ஜனங்கள் உட்கார்ந்து படிக்கிறார்களே என்று எனக்கு மனசு நிறைந்துபோனது.

வகுப்பு முடிந்ததும் சித்தி குடியிருக்கும் கட்டடத்தின் சூப்பர், தெருமரத்தடிக்குக் கூட்டிப்போய்ப் பாடத்தை நேரிலேயே காட்டினார். வேர்களுக்கிடையே வாய் வழவழப்பான ஒரு வளை. சிலந்தி வலை இல்லை, சருகு இல்லை. அப்படியென்றால் உள்ளே குடித்தனம் நடக்கிறது. பக்கத்துச் சுவரில் கணுக்கால் உயரத்தில் எண்ணெய்ப் பிசுக்காக ஒரு கறுப்புக் கோடு. ஒரே தடத்தில் ஓடி ஓடி எலிகளின் உடம்பு தேய்த்த கோடு அது! செய்தித்தாளைக் கசக்கி வளையில் திணித்தார். நாளைக்கு அது வெளியே கிடந்தால் வளையில் ஆள் உண்டாம்.

அடுத்த தெருவில் இன்னும் பெரிய ஆச்சரியம். ஒரு குழுவினர் இயந்திரக் குழாயை வளைக்குள் விட்டு கார்பன் மோனாக்சைடு வாயுவைச் செலுத்திக்கொண்டிருந்தார்கள். கூடவே புகையும் போகிறது. எந்தெந்த ஓட்டையில் புகை கிளம்புகிறதோ அதையெல்லாம் மண்ணால் மூடுகிறார்கள். செங்கல்பட்டுப் பக்கம் நெல்வயல் வரப்பில் இருளர்கள் பானையில் வைக்கோலைக் கொளுத்தி வளைக்குள் புகை ஊதி, தப்பும் வழிகளை அடைத்து எலி பிடிப்பார்களே, அதே வித்தை! நம் வயல்காட்டு அறிவு அட்லாண்டிக் கரையில் மோட்டார் பூட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டு நான் உண்மையிலேயே பூரித்துப்போனேன்.

மத்தியானம் சென்ட்ரல் பார்க். இலையுதிர்ந்த ஓக் மரங்களுக்கு நடுவே சித்தி ஃபிளாக்கோவின் கதையைச் சொன்னார். பூங்கா மிருகக்காட்சி சாலையிலிருந்து 2023 பிப்ரவரியில் தப்பிய யூரேசியக் கழுகு ஆந்தை அது. கூண்டிலேயே வளர்ந்த பறவை, தானாக எலி வேட்டையாடக் கற்றுக்கொண்டு ஓராண்டு சுதந்திரமாகப் பறந்தது. 2024 பிப்ரவரியில் ஒரு கட்டடத்தருகே விழுந்து இறந்தது. அதன் உடம்பில் எலி விஷம் இருந்தது பரிசோதனையில் தெரியவந்தது. எலிக்கு வைத்த நஞ்சு, எலியைத் தின்ற பறவைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஊரே அழுததாம். நகர மன்றம் அதே ஆண்டில் ஃபிளாக்கோவின் பெயரால் சட்டம் இயற்றி, எலிகளுக்குக் கருத்தடை உருண்டைகள் வைத்துப் பார்க்க வழி செய்தது. கேட்கும்போது எனக்கும் தொண்டை அடைத்தது.

பொழுது சாய 110ஆம் தெருவைத் தாண்டி மேற்கு ஹார்லெமுக்குத் திரும்பினோம். இங்கே மூட்டைகளைக் காணோம்! சாலையோரம் கார் நிறுத்தும் இடங்களில் வரிசையாகப் பெரிய பெரிய மூடித் தொட்டிகள். சூப்பர் வந்து பூட்டைத் திறந்து, குப்பையைப் போட்டுவிட்டு மூடினார். அள்ள வரும் லாரி பக்கவாட்டிலிருந்து இயந்திரக் கையை நீட்டி, தொட்டியை அப்படியே தூக்கிக் கவிழ்த்துக்கொள்ளும். 2025 ஜூனில் குப்பை முழுவதையும் தொட்டிக்கு மாற்றிய முதல் வட்டாரம் இதுதான். நகரம் முழுக்கச் சிறிய கட்டடங்களுக்கு 2024 நவம்பரிலேயே மூடித் தொட்டி கட்டாயமாகிவிட்டது. 2023இல் எலி ஒழிப்புக்கென்றே ஒரு தனி அதிகாரியை நகரம் நியமித்தது. அந்தப் பொறுப்புக்கு வந்தவர் முன்னாள் பள்ளி ஆசிரியை!

பொறியும் நஞ்சும் வாயுவும் இருக்கிற எலியைத்தான் கொல்லும். தீனி கிடைக்கிற இடத்தில் மூன்றே வாரத்தில் அடுத்த தலைமுறை வந்துவிடும். எலியை வளர்ப்பது நாம் திறந்து போடும் சோறு. எந்த ஊரிலும் எலி ஒழிப்பைக் குப்பைத் தொட்டியின் மூடியிலிருந்துதான் தொடங்க வேண்டும். இவ்வளவு பெரிய மாநகரம் அரை நூற்றாண்டுப் பழக்கத்தை மாற்ற முடியுமென்றால், எந்த ஊராலும் முடியும்.