கோழிக்கென்று தள்ளியது

பங்குனி 9

எங்கள் தெருவில் கொல்லையுள்ள வீடுகளுள் கோழியில்லாத வீடு அபூர்வம். கோழியுள்ள வீடுகளிலோ, மனிதருக்கு ஆகாதென்று அடுக்களை கழித்த சகல பதார்த்தங்களும், ஊசிய சோறும் உப்பேறிய ஊறுகாய்த் துண்டும் பூஞ்சணம் பிடித்த தேங்காய்ச் சில்லும் உட்பட, "கோழி கொத்திக்கும்" என்ற இரண்டு சொற்களால் பரிசுத்தமாக்கப்பட்டுக் கொல்லைக்குப் போய்ச் சேர்வது வெகுகாலத்துச் சம்பிரதாயம். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் நான்கு பெட்டைகளும் ஒரு சேவலும் வளர்த்துவரும் நான், எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கலாகாது என்று விசாரித்தபோது, பிறவியிலேயே விஷமுள்ளவற்றின் ஜாபிதா சிறியதாகவே இருந்தது. பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கும் அதன் முளையும், வேகவைக்காத ராஜ்மா முதலிய காய்ந்த பயறுகளும், பச்சையான மரவள்ளித் தோலும் இலையும், மலைப்பிரதேசத்திலிருந்து வரும் வெண்ணெய்ப்பழமும் ஆகா; வெங்காயம் மிகுதியாகப் போனால் இரத்தத்தைக் கெடுக்கும். வெண்ணெய்ப்பழத்தைப் பற்றி எங்கள் தெருக் கோழிகள் கவலைப்பட வேண்டியதில்லை. அவற்றை வளர்ப்பவர்களே அதை ருசி பார்த்ததில்லை. ஆக, கேடு காயின் ஜாதியில் இருப்பதைக் காட்டிலும் அதன் நிலையில்தான் மிகுதியும் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

பங்குனி 17

மஞ்சள் பூசணிக்காய் ஒன்றை இரண்டாகப் பிளந்து, விதையும் நாருமாக அப்படியே வைத்தேன். கோழிகள் அதை உண்ட வேகத்தை வர்ணிக்க முயல்வது வீண்.

நாட்டுக்கோழி முட்டையின் கருவுக்குரிய அந்த ஆழ்ந்த மஞ்சள், கோழி தன் சரீரத்தில் தானே உண்டாக்கிக்கொள்ளும் நிறமன்று. கீரையிலிருந்தும் மஞ்சள் சோளத்திலிருந்தும் இத்தகைய காய்களிலிருந்தும் அது எடுத்துச் சேர்த்துக்கொள்வது. ஆகையால் முருங்கைக்கீரை உருவிய ஈர்க்கை வீசியெறியாமல், இலை சிறிது மிச்சமிருக்க வேலியில் கட்டித் தொங்கவிடுகிறேன். பாலக்கீரையை மட்டும் தினந்தோறும் கொடுப்பதில்லை. ஒரு முட்டையின் ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டியிருக்க, அக்கீரையிலுள்ள ஆக்ஸாலிக் அமிலம் அந்தச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும்.

நல்ல பதார்த்தமாயினும் அளவு உண்டு. முட்டையிடும் கோழி நாளொன்றுக்கு உண்ணும் தீனி ஏறக்குறைய 100 கிராம். பழமும் காயும் அதில் பத்திலொரு பங்கைத் தாண்டாமல் இருப்பது உசிதம். கம்பும் நொய்யும் தவிடும் உண்ண வேண்டிய வயிற்றைத் தித்திப்பாலும் தண்ணீராலும் நிரப்பிவிட்டால், முட்டை குறைந்ததற்குப் பக்கத்து வீட்டாரின் கண்ணேறே காரணம் என்று பிறகு சொல்ல நேரிடும்.

பங்குனி 25

பெட்டையொன்று பழுத்த மிளகாயை விழுங்கிவிட்டு, ஒன்றும் நேராததுபோல் நின்றது. மிளகாயின் காரத்தை உணரும் வாசல் பட்சிகளுக்கு அடைபட்டிருக்கிறதாம்; விதையை மென்று அழிக்கும் பிராணிகளை விரட்டி, முழுதாக விழுங்கித் தூர தேசத்தில் உதிர்க்கும் பறவைக்கு மட்டும் வழிவிட்ட செடியின் ராஜதந்திரத்தை, செஞ்சிக் கோட்டையை ஆண்டவர்கள்கூட மெச்சியிருப்பார்கள்.

சித்திரை 6

வெயிலில் செஞ்சிக் குன்றுகளின் பாறைகள் பகலெல்லாம் உஷ்ணத்தை வாங்கி இரவில் உமிழ்கின்றன. சாதாரணமாகவே 41 பாகை சரீர உஷ்ணமுள்ள கோழி, வியர்க்கும் பாக்கியம் இல்லாமையால், சிறகை அகட்டி வாயைத் திறந்து மூச்சிரைத்தே தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. திண்டிவனம் சாலையோரத்தில் வாங்கிய தர்பூசணியை நாங்கள் தின்றபின், சிவப்பு சிறிது ஒட்டியிருந்த தோலை மத்தியானம் நிழலில் வைத்தேன். வெள்ளரிக்காயும் அவ்வாறே உதவும். அந்தியில் எஞ்சியதைப் பொறுக்கி அப்புறப்படுத்தினேன். விட்டிருந்தால் இரவுக்குள் புளித்து, ஈயையும் எறும்பையும் கூட்டியிருக்கும்.

சித்திரை 13

நேற்றிரவு கோடைமழை. களத்தில் காய்ந்துகொண்டிருந்த மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, நனைந்துவிட்டதென்று பக்கத்து வீட்டு ஆயா காலையிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தார்.

சித்திரை 20

ஆயா முறத்தை வைத்துக்கொண்டு மல்லாட்டையைப் பிரித்தார்: விற்பனைக்கு ஒரு குவியல், விதைக்கு ஒரு குவியல், பச்சையும் மஞ்சளுமாகப் பூஞ்சணம் பூத்துச் சுருங்கிய பருப்பு ஒரு மரக்கால். அந்த மரக்கால் தம் கோழிகளுக்கும் என் கோழிகளுக்கும் சமபாகமாக ஒதுக்கப்பட்டிருந்தது. அவருடைய தாராள மனசை மறுப்பது சங்கடமான காரியந்தான். ஆனால் 1960-ல் இங்கிலாந்தில் லக்ஷத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் விளங்காமல் மடிந்து, நோய்க்குப் பெயர் வைக்கவும் தெரியாமல் 'எக்ஸ் நோய்' என்று வைத்தியர்கள் அழைத்ததையும், கடைசியில் குற்றவாளி பிரேஸிலிலிருந்து தருவிக்கப்பட்ட கடலைப் புண்ணாக்கில் வளர்ந்திருந்த பூஞ்சணமென்று கண்டுபிடித்து, அதன் விஷத்துக்கு 'அஃப்ளடாக்ஸின்' என்று நாமகரணம் செய்ததையும் சொன்னேன். கழுவினாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது, ஈரலைத்தான் முதலில் தாக்கும் என்றேன்.

"வாத்தியாரே, அப்ப செக்குல குடுத்து ஆட்டிடலாமா?" என்றார்.

கேள்வி கூர்மையானது. ஆட்டினால் விஷத்தின் பெரும்பகுதி எண்ணெயோடு போகாமல் புண்ணாக்கிலேயே தங்கிவிடும். அந்தப் புண்ணாக்கு மாட்டுக்கும் கோழிக்குமே திரும்பி வரும். இங்கிலாந்தில் நடந்ததும் இதுதானே! எருக்குழியில் கொட்டலாமென்றால், தெருக்கோழிகள் அனைத்தும் கிளறுவது அந்தக் குழியையே.

"ஒரு மரக்கால் மல்லாட்டைய அடுப்புல போடச் சொல்றீங்களே!"

ஆம், அதைத்தான் சொன்னேன். நெடுநேரம் முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வெந்நீர் அடுப்புக்குக் கொண்டுபோனார். போனவர் திரும்பி வந்து, தம் கோழிகளுக்கு ஈடாக என் பந்தலில் தொங்கிய பூசணிக்காய்களில் பெரியதைக் கேட்டார். கோரிக்கை நியாயமானது, அறுத்துக் கொடுத்தேன்.