பொறுமைக்கும் ஓர் அளவு உண்டு

பிள்ளைகளே, மூன்று மாதம் கடந்தும் விடாத வலியை மருத்துவர்கள் நாட்பட்ட வலி என்பார்கள். அப்படியொரு இடுப்புவலியோடு முப்பது ஆண்டுக்கும் மேலாக வாழ்ந்து வருகிறவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

அச்சகத்தில் காகிதக் கட்டைத் தூக்கும்போது எனக்கு இடுப்பு பிடித்தது. அசையாமல் படுத்திருக்கச் சொன்னார் மருத்துவர். அந்நாளில் எல்லோரும் அதையே சொன்னார்கள். வாரக்கணக்கில் படுத்து எழுந்தபோது வலி அப்படியே இருந்தது. தொடைச் சதை மட்டும் வற்றியிருந்தது. புதிதாக முதுகுவலி கண்டவர்களைப் பின்லாந்தில் ஆராய்ந்து 1995-இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு நாள் படுக்கையில் இருந்தவர்களைவிட, முடிந்த அளவு அன்றாட வேலைகளைத் தொடர்ந்தவர்களே விரைவில் தேறினார்கள்.

எனக்கு வழி காட்டியவர் என் மகள் வயதுடைய ஒரு பிசியோதெரபிஸ்ட். "வலி கம்மியா இருக்கிற நாள்ல ஆசைப்பட்டு அதிகமா நடக்காதீங்க ஐயா. வலி கூடின நாள்ல பயந்து நிறுத்தவும் வேண்டாம். ரெண்டு நாளும் ஒரே அளவு நடங்க" என்றார். கேட்க எளிது, கடைப்பிடிப்பது கடினம். உடம்பு இசைந்த நாளில் பரணை ஒழிப்போம், தோட்டம் கொத்துவோம், மறுநாள் கட்டிலோடு கிடப்போம். எங்கள் தலைமுறை பல்லைக் கடித்துக்கொண்டு மூட்டை தூக்குவதையே சகிப்பு என்று எண்ணியது. தெருக்கோடி வரை நடந்துவிட்டு, இன்னும் நடக்கத் தெம்பிருந்தும் திரும்பி வருவதற்கு அதைவிடப் பெரிய மன உறுதி வேண்டும். அந்தத் தூரத்தைச் சில வாரங்களுக்கு ஒருமுறை கொஞ்சமாகக் கூட்டினேன். வலி முழுவதும் போகவில்லை. ஆனால் கடைத்தெரு, கோயில், பேரனின் பள்ளி என்று இழந்த இடங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பக் கிடைத்தன.

எங்கள் உறவில் ஓர் இளைஞன், ஸ்கேனில் 'டிஸ்க் பிதுங்கியிருக்கிறது' என்று வந்ததும் தன் குழந்தையைத் தூக்கவே அஞ்சினான். முதுகுவலியே இல்லாத 98 பேரை அமெரிக்காவில் ஸ்கேன் செய்து பார்த்து 1994-இல் வெளியிட்ட ஆய்வில், எல்லா டிஸ்க்குகளும் சீராக இருந்தவர்கள் 36 விழுக்காட்டினரே. படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணமாகிவிடாது. அவனை முடக்கியதில் முதுகைவிட அச்சத்துக்கே பங்கு அதிகம்.

எங்கள் தெரு நெசவாளர் ஒருவரின் கதை வேறு. தறிக்குழியில் உட்கார்ந்தே முட்டியும் முதுகும் தேய்ந்த மனிதர். வலியைப் பொறுக்காதவர் அல்லர். ஒருநாள் கூலியும் போய்விடக் கூடாதே என்று மருந்துக் கடையில் தானே வலி மாத்திரை வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்கினார். முடிவில் சிறுநீரகம் கெட்டது. அம்மாத்திரைகள் இரைப்பையையும் புண்ணாக்கக் கூடியவை. மருத்துவர் சொன்ன அளவும் காலமும் மீறி அவற்றைத் தொடாதீர்கள்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். கால் மரத்து வலுவிழந்தாலோ, சிறுநீர் தானாகப் போனாலோ, வராமல் அடைத்தாலோ, வலியோடு காய்ச்சலோ காரணமற்ற மெலிவோ சேர்ந்தாலோ, பொறுத்துப் பார்க்காமல் அன்றே மருத்துவரிடம் போங்கள்.