கொத்துச் சாவி

ஒரு வீட்டில் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், அங்கே யார் உரக்கப் பேசுகிறார்கள் என்று பார்த்துப் பிரயோஜனமில்லை. கொத்துச் சாவி யார் இடுப்பில் தொங்குகிறது என்று பார்க்க வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டருக்கும் இதே நியாயம் பொருந்தும் என்பதுதான் எனக்குச் சமீபத்தில் கிடைத்த ஞானம்.

என் மேஜை மேல் இருப்பது ஃப்ரீபிஎஸ்டி என்ற முறையில் ஓடுகிற கம்ப்யூட்டர். 1969-இல் அமெரிக்காவில், பெல் ஆராய்ச்சிக்கூடத்தில், கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கி வைத்த யூனிக்ஸின் வம்சம், 1993-இல் பிறந்தது. வம்சப் பெருமையோடு வம்சப் பிடிவாதமும் அதற்கு உண்டு. நாமாக ஏற்பாடு செய்யாதவரை, விசையைப் போட்டால் வண்ணமும் படமும் வந்துவிடாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துக்கள் வரிவரியாக ஓடி முடிந்து, 'யாரப்பா நீ?' என்று கேட்கிற பாவனையில் ஒரே ஒரு சொல் வந்து நிற்கும். பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் உள்ளே விடும்.

இதில் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. யூனிக்ஸின் ஆரம்ப நாட்களில் அதனோடு பேசியவர்கள் டெலிடைப் என்ற தட்டச்சு யந்திரத்தின் முன் உட்கார்ந்துதான் பேசினார்கள். படம் காட்டுகிற 'எக்ஸ்' என்ற ஏற்பாடு 1984-இல்தான் எம்.ஐ.டி.யில் தொடங்கியது. இன்றும் புழக்கத்தில் உள்ள அதன் பதினோராவது பதிப்பு 1987-இல் வெளிவந்தது. ஆகவே படத் திரை என்பது பழைய வீட்டின்மேல் பிற்பாடு கட்டிச் சேர்த்த மாடி. மாடிக்குப் போக வேண்டுமென்றால் நாம்தான் படியேற வேண்டும். 'ஸ்டார்ட்எக்ஸ்' என்று தட்டுவதே அந்தப் படி.

தட்டியதும், நம் சொந்த டைரக்டரியில் இருக்கும் ஒரு சின்ன ஃபைலை அது தேடிப் படிக்கும். '.எக்ஸ்இனிட்ஆர்சி' என்று அதற்குப் பெயர். பெயர் புள்ளியில் தொடங்குவதால் சாதாரணமாகப் பட்டியல் கேட்டால் கண்ணில் படாது. எதை எதைத் தொடங்க வேண்டும் என்பதெல்லாம் அதில் வரிசையாக எழுதியிருக்கும். ஒரு சூட்சுமம் உண்டு. மற்றப் புரோகிராம்களையெல்லாம் பின்னணிக்கு அனுப்பிவிட்டு, ஜன்னல்களை நிர்வகிக்கிற புரோகிராமைக் கடைசி வரியில் முன்னணியில் நிறுத்த வேண்டும். அது இருக்கிறவரை திரை இருக்கும். அது விடைபெற்றால் திரையும் மடங்கிவிடும். கூத்தில் கட்டியங்காரனைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனையும் ஒப்பனை அறைக்கு அனுப்பிவிட்டால், கூத்து தொடங்கிய கணத்திலேயே முடிந்துபோகும்.

பல வருஷங்களாக எனக்கு இது போதுமானதாக இருந்தது. போன ஐப்பசியில் என் மனைவி, தானும் அந்தக் கம்ப்யூட்டரில் எழுதப் போவதாகச் சொன்னாள். முப்பது வருஷமாக என் கையெழுத்துப் பிரதிகளுக்கு முதல் வாசகி அவள்.

"என்ன எழுதப் போகிறாய்?" என்று கேட்டேன்.

"அம்மாவைப் பற்றி" என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை.

இரண்டு நிபந்தனைகள் மட்டும் விதித்தாள். விசையைப் போட்டதும் படத் திரை தானாக வர வேண்டும்; கறுப்புத் திரையோடு மல்லுக்கு நிற்க அவளுக்கு நேரமில்லை. இரண்டாவது, தான் எழுதுவதைத் தானாகக் காட்டுகிறவரை வேறு யாரும் படிக்கக் கூடாது. 'வேறு யாரும்' என்று சொல்லும்போது என்னைப் பார்த்தாள். வீட்டில் எங்கள் இருவரைத் தவிர வேறு ஆள் கிடையாது.

முதல் நிபந்தனை சுலபம். யந்திரம் விழித்ததும் எந்தெந்த வாசலில் யாரை நிறுத்த வேண்டும் என்று 'டிடிஒய்எஸ்' என்ற ஃபைலில் எழுதியிருக்கும். அதில் எக்ஸ்டிஎம் என்னும் வாயிற்காப்போனுக்குரிய வரியில் 'ஆஃப்' என்றிருந்ததை 'ஆன்' என்று மாற்றினேன். இந்த வாயிற்காப்போன் பழைய ஃபைலைப் படிக்க மாட்டான், '.எக்ஸ்செஷன்' என்று வேறொன்றைக் கேட்பான். அதையும் எழுதி வைத்தேன். படம் வரைகிற கருவியைத் தொட 'வீடியோ' என்ற குழுவில் அங்கத்தினராக வேண்டும். அவள் பெயரை அதில் சேர்த்தேன்.

இரண்டாவது நிபந்தனைக்கு யூனிக்ஸில் அழகான கணக்கு ஒன்று இருக்கிறது. படிக்க 4, எழுத 2, உள்ளே நுழைய 1. கூட்டினால் 7. உடையவர், குழு, ஊரார் என்று மூன்று பேருக்கு மூன்று இலக்கங்கள். அவள் டைரக்டரிக்கு 700 என்று போட்டேன். உடையவளுக்கு எல்லாம், மற்ற இருவருக்கும் பூஜ்யம். பிறகு என் பெயரில் நுழைந்து, அவள் கண்ணெதிரிலேயே அதைத் திறக்கப் பார்த்தேன். அனுமதி இல்லை என்று கறாராகப் பதில் வந்தது. எனக்குப் பரம திருப்தி.

"இந்தப் பூட்டைப் போட்டது யாரு?" என்று கேட்டாள்.

"ரூட் என்று ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரில் வந்து போட்டேன். அந்தப் பெயருக்கு மட்டும் எந்தக் கதவும் தடையில்லை."

"அந்த ரூட் யாரு?"

"நான்தான்."

அவள் சிரித்துவிட்டாள். "அப்போ இது பூட்டு இல்லே. நீங்க பார்க்க மாட்டீங்கன்னு நான் நம்பணும், அவ்வளவுதானே? அதுக்கு ஏழு எதுக்கு, பூஜ்யம் எதுக்கு?"

பதில் சொல்ல முடியவில்லை. என்னை நம்பலாம்தான். ஆனால் எழுதுகிறவனுக்குத் தெரியும்: தோளுக்குப் பின்னால் ஒருவர் நிற்கக்கூடும் என்ற நினைப்பே போதும், பேனா பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். அதுவும் அம்மாவைப் பற்றி எழுதும்போது.

அன்று மாலையே ரூட்டின் கடவுச்சொல்லை அவளை விட்டே மாற்றச் சொன்னேன். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். அவள் தட்டினாள், ஒரு காகிதத்தில் எழுதிப் பீரோவில் நகைப்பெட்டிக்குள் வைத்தாள். ஃப்ரீபிஎஸ்டியில் ரூட்டாக வேஷம் மாற 'வீல்', அதாவது சக்கரம், என்ற குழுவில் இடம் வேண்டும். என் பெயர் அதில் இருக்கிறது; இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். கடவுச்சொல் இல்லாத அங்கத்தினர் பதவி வெறும் அலங்காரந்தானே?

கொல்லைப்புற வழி ஒன்று பாக்கியிருந்தது. அதையும் நானே சொன்னேன். யந்திரம் விழிக்கும் நேரத்தில் 'ஒற்றை ஆள்' முறையைத் தேர்ந்தெடுத்தால், கடவுச்சொல் கேட்காமலே ரூட்டாக உட்காரலாம். காரணம், அதே 'டிடிஒய்எஸ்' ஃபைலில் 'கன்சோல்' என்ற வரியில் 'பத்திரமானது' என்று பொருள்படும் சொல் இருக்கிறது. யந்திரம் வைத்திருக்கும் இடம் நம்பத் தகுந்தது, ஆகவே எதிரில் உட்காருகிறவனை நம்பலாம் என்று அர்த்தம். அதைப் 'பத்திரமற்றது' என்று மாற்றினால், அந்த வழியிலும் ரூட்டின் கடவுச்சொல்லைக் கேட்கும். பத்திரமில்லை என்று எழுதினால்தான் பத்திரம்! நம்மீது சந்தேகப்பட்டு ஒரு சொல்லை எழுத, நாமே இடம் காட்டுவது சற்று விசித்திரமான அனுபவம். காட்டினேன். அவள் மாற்றினாள். யந்திரத்தையே கழற்றி டிஸ்க்கை எடுத்துப் போகிறவனை இது தடுக்காது. ஆனால் கதவை உடைக்கத் துணிந்தவனுக்கு எந்தப் பூட்டுத்தான் பூட்டு?

இப்போதெல்லாம் புதிதாக ஒரு புரோகிராம் சேர்க்க வேண்டுமென்றால் நான் அவளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. "எதுக்கு?" என்று கேட்கிறாள். காரணம் சொல்கிறேன். நியாயமாகப் பட்டால் வந்து தட்டுகிறாள். வேலை முடிகிறவரை பக்கத்திலேயே நிற்கிறாள். சில காரணங்கள் நியாயமாகப் படுவதில்லை.

புத்தகம் எத்தனை பக்கம் ஆகியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. டைரக்டரிக்குள் நுழைய முடியாதவனுக்கு ஃபைலின் நீளமும் தெரியாது. ஆனால் சாயங்காலக் காபியை நானே போட்டுக்கொள்கிற நாட்கள் அதிகமாகி வருகின்றன. எழுத்து நன்றாக ஓடுகிறது என்று அதைக்கொண்டு ஊகித்துக்கொள்கிறேன்.