எதில 20 வீதம்?

காலையில ஒரு வீடியோ:
"வாற வருமானத்தில 20 வீதத்தைச் சேமிங்க, பணக்காரராகலாம்."

முற்றத்தில நானா வலை பொத்திட்டிருந்தார்.

கற்பிட்டியில கச்சான் காத்து பலமா அடிக்கிற நாள்ல போட் கரையிலதான், வருமானமும் இல்ல.
எதில 20 வீதம்?

2022 ஆகஸ்ட்ல போட்டுக்கு ஊத்துற மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியா 340.
அடுத்த மாசம் கொழும்பில பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதம்.
வங்கியில போட்ட சல்லி இருந்த இடத்திலேயே கரைஞ்சுச்சு.

எங்க வீட்டைத் தாங்கினது ராத்தாட சீட்டும், அடகுக்குப் போன சோடிக் காப்பும்.

சேமிக்க வேணாம்னு சொல்லல்ல.
கடன்ல விழாம இருக்க அது உதவும்.
ஆனா சொத்துச் சேர, முதல்ல நிலையான வருமானம் வேணும்.

மீனவருக்குச் சிக்கனம் சொல்ல முந்தி, அவர்ட எண்ணெய்க் கணக்கை ஒருக்கா கேளுங்க.