ஆடிக்கு விட்ட பத்து மீன்

தல்லாகுளம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது பெருமாள் கோயிலும், சித்திரையில் கள்ளழகரை மதுரை ஜனங்கள் எதிர்கொண்டு அழைக்கும் எதிர்சேவையும்தான். நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில், "ஊர்ப் பேரிலேயே குளம் இருக்கே, குளம் எங்கே அத்தை?" என்று மாமியாரைக் கேட்டேன். "குளம் பேரோட சரி. நீ குடத்தை எடுத்துக்கிட்டுக் குழாயடிக்குப் போ" என்று சிரித்தார்.

எனக்கு அது பெரிய ஏமாற்றம். நான் பிறந்தது மேலூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கண்மாய்க் கரையில் விளையாடி வளர்ந்தவள். கோடையில் கண்மாய் வற்றும் சமயம் எங்கள் பக்கத்தில் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும், ஊத்தா, கச்சா, வலை என்று கையில் கிடைத்ததோடு அத்தனை பேரும் தண்ணீரில் இறங்குவார்கள். விரால், கெளுத்தி, குறவை, கெண்டை எல்லாம் கிடைக்கும். அன்று பிடித்த மீனை யாரும் விற்க மாட்டார்கள். ஊர் முழுக்க மீன் குழம்பு வாசனைதான். அயிரை கிடைத்தால் அம்மா மண்சட்டியில் கல் உப்புப் போட்டு உரசி உரசி அலசுவாள். அந்தக் குழம்பின் ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது.

இந்தப் பழைய கதை எதற்கு என்கிறீர்களா? மீனோடு பிறந்து வளர்ந்தவள் என்ற நினைப்பில் நான் செய்த ஒரு காரியம், என் அண்ணன் குடும்பத்தை ஒரு வருஷம் அழ வைத்துவிட்டது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு சிமெண்ட் தொட்டி உண்டு. தண்ணீர் வரும் நாளில் நிரப்பி வைப்போம். கொசுப் புழு வருகிறதே என்று, என் பையன் எங்கிருந்தோ நாலு ஜிலேபிக் கெண்டை கொண்டுவந்து விட்டான். புழு போயிற்று. ஆனால் ஆறு மாதத்தில் தொட்டி முழுக்க மீன்! ஒரு நாள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். தாய் மீனின் தொண்டை உப்பியிருந்தது. போட்ட சோற்றை அது தொடவில்லை. அதன் வாய்க்குள்ளிருந்து கடுகு போலக் குஞ்சுகள் வெளியே வந்து நீந்தின. தொட்டியை நான் தட்டியதும் அத்தனையும் திரும்ப அம்மா வாய்க்குள் ஓடி ஒளிந்துகொண்டன. பிள்ளை பெற்றவளுக்கு அதைப் பார்த்தால் மனசு இளகாமல் இருக்குமா?

"பாவம், இத்தனை ஜீவனும் இந்தச் சின்னத் தொட்டியில் அடைந்து கிடக்கிறதே" என்று தோன்றிற்று. அந்தச் சமயம் ஊரில் அண்ணன் 50 சென்ட் நிலத்தில் பண்ணைக் குட்டை வெட்டி, மீன் குஞ்சு விட்டிருந்தான். குட்டை வெட்டவும் குஞ்சு வாங்கவும் மதினியின் இரட்டை வடச் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிருந்தது. ஆடிப் பெருக்குக்கு ஊருக்குக் கிளம்பிய நான், தொட்டியில் பெரிதாக இருந்த பத்து மீனைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டேன்.

மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ். வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததும், "என்னம்மா, வாளிக்குள்ள இருக்கிறவங்களுக்கும் டிக்கெட் போடவா?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. ஒத்தக்கடை தாண்டும்போது யானைமலை கூடவே வரும். நிஜமாகவே ஒரு யானை காலை நீட்டிப் படுத்திருப்பது போலத்தான் இருக்கும். அதைத் தாண்டினால் பெரியாற்றுப் பாசன நிலம். 1895-ல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடித்த பிறகுதான் எங்கள் பக்கத்து வயல்கள் பச்சை கண்டன என்று தாத்தா சொல்வார். ஆடியில் வாய்க்கால் காய்ந்து கிடந்தது. அண்ணனின் குட்டையில் மட்டும் கிணற்றுத் தண்ணீர் பளபளத்தது.

"தங்கச்சி கையால விடட்டும், ராசியான கை" என்றாள் மதினி. விட்டேன். பத்தும் வாலை ஆட்டிக்கொண்டு உள்ளே போயின.

ஒன்பது மாதம் கழித்து, சித்திரையில், அழகர் திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னால் வலை இழுத்தார்கள். நானும் போயிருந்தேன். வலை கனமாகத்தான் வந்தது. அண்ணன் முகம் மலர்ந்தது. கரைக்கு வந்ததும் பார்த்தால், அத்தனையும் விரல் நீளத்து ஜிலேபி. தலை மட்டும் பெரிதாக, உடம்பு சூம்பிப் போய், ஆயிரக்கணக்கில் துள்ளின. அண்ணன் காசு கொடுத்து வாங்கிவிட்ட கட்லாவும் ரோகுவும் ஒரு வருஷ வளர்ச்சிக்கு முக்கால் கிலோ, ஒரு கிலோ இருக்க வேண்டியவை. கால் கிலோ தாண்டவில்லை. மேலூரிலிருந்து வந்த வியாபாரி ஒரு தடவை பார்த்துவிட்டு, சொன்ன விலையில் பாதிகூடத் தர மாட்டேன் என்று போய்விட்டார்.

மதினி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "காப்பி போடறேன்" என்று உள்ளே போனாள். அவள் கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு. திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மறு வாரம் அண்ணனைக் கூட்டிக்கொண்டு மீன்வளத்துறை அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி பொறுமையாக எல்லாம் கேட்டார். "எத்தனை ஜிலேபி விட்டீங்க?" என்றார். "பத்துதான் சார்" என்றேன். "பத்து போதுமே அம்மா!" என்று அவர் சொன்ன விஷயங்கள் எனக்கு ஒரு பாடம்.

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் ஆற்று மீன்கள். மழைக்காலத்தில் ஆறு பெருகி ஓடும்போதுதான் முட்டையிடும். தேங்கின குட்டையில் வளரும், பெருகாது. அதனால்தான் ஒவ்வொரு தடவையும் குஞ்சு வாங்கி விட வேண்டியிருக்கிறது. ஊசி போட்டு இவற்றை முட்டையிட வைக்கும் முறையை ஹிராலால் சௌதுரி என்ற விஞ்ஞானி ஒடிசாவில் 1957-ம் வருஷம் ஜூலை 10-ம் தேதி சாதித்துக் காட்டினார். அந்தத் தேதியைத்தான் இன்றும் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். அதற்கு முன்னால் ஆற்றிலிருந்து குஞ்சு அரித்துக்கொண்டு வருவார்களாம்.

மூன்றும் ஒரே குட்டையில் சண்டையில்லாமல் வாழும். கட்லா மேல் தண்ணீரில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். ஒரே வீட்டில் மூன்று அடுக்கில் குடியிருக்கிற மாதிரி! ஏக்கருக்கு 2,000 குஞ்சு கணக்கு. அண்ணனின் 50 சென்ட்டுக்கு 1,000 குஞ்சு சரியான அளவுதான். எண்ணிப் போட்ட சோறு, எண்ணி வைத்த இலை.

ஜிலேபிக் கெண்டை அப்படி இல்லை. அது ஆப்பிரிக்காவிலிருந்து 1952-ல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட மீன். எந்தத் தண்ணீரிலும் பிழைக்கும், ஏழைகளுக்கு மலிவாக மீன் கிடைக்கும் என்று நல்லெண்ணத்தோடுதான் கொண்டுவந்தார்கள். ஏழை வீட்டுச் சட்டியில் அது குழம்பாகக் கொதித்ததும் உண்மைதான். ஆனால் அது தேங்கின தண்ணீரிலேயே முட்டையிடும். தாய் வாயிலேயே அடைகாப்பதால் குஞ்சுகள் சேதமாவது குறைவு. நம் வெயிலுக்கு ஒன்றரை மாதத்துக்கு ஒரு தரம்கூடப் பெருகும். பிறந்த குஞ்சும் இரண்டு மூன்று மாதத்தில் தாயாகிவிடும். கூட்டம் பெருகப் பெருகத் தீனி பற்றாமல், வளர்ச்சி நின்றுபோய் விரலளவிலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். அண்ணன் போட்ட தவிடும் கடலைப் பிண்ணாக்கும் அதுகளுக்குத்தான் போயிருக்கிறது.

"அமெரிக்காவிலும் இதே கதைதான்" என்றார் அதிகாரி. அங்கே கிராப்பி என்று ஒரு மீன். தூண்டில்காரர்களுக்குப் பிரியமான ருசி. ஆசைப்பட்டுச் சின்னக் குளத்தில் விட்டால், பெருகி, அத்தனையும் குட்டையாகவே நின்றுவிடுமாம். அதனால் அங்கே பாஸ் என்னும் வேட்டை மீனைக் குளத்தில் வைத்து, குஞ்சுகளைத் தின்ன விடுகிறார்கள். கூடவே சின்ன மீன்களை விடாமல் பிடித்து எடுக்கிறார்கள். நம் ஊரில் அந்த வேலைக்கு விரால் இருக்கிறது.

அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில் மீனாட்சி கோயிலுக்குப் போய்ப் பொற்றாமரைக் குளப் படியில் உட்கார்ந்தேன். பாண்டியனுக்கு மீன் கொடி, அம்மனுக்கு மீன் விழி. ஆனால் அந்தக் குளத்தில் மட்டும் மீன் இல்லை! ஒரு நாரை, பசித்தும் மீனைத் தின்னாமல் தவமிருந்து முத்தி பெற்றதாம். தன் இனத்தார் இங்கே வந்து பாவம் செய்யக்கூடாது, அதனால் இந்தக் குளத்தில் மீனே வேண்டாம் என்று சுவாமியிடம் வரம் கேட்டதாகத் திருவிளையாடல் கதை. அது சாமி குளம். நம் குட்டைக்கு அந்தக் கதை ஒத்துவராது. இங்கே நாரையும் வேண்டும், விராலும் வேண்டும். தின்பதற்கு ஆளில்லாவிட்டால் பிறந்ததெல்லாம் பட்டினி கிடக்கும் என்று எனக்கு அன்றுதான் உறைத்தது.

பிறகு அண்ணன் செய்த காரியங்களைக் குறிப்பாகச் சொல்கிறேன். குட்டை வைத்திருக்கும் குடும்பத்துச் சகோதரிகளுக்கு உபயோகப்படும்.

முதலில் மோட்டார் வைத்துத் தண்ணீரை முழுக்க இறைத்தான். நல்லவேளை, சித்திரை வெயில். அடிச்சேறு பாளம் பாளமாக வெடிக்கும் வரை காயவிட்டான். ஈரச் சேற்றில் இரண்டு ஜிலேபி தப்பினாலும் பழைய கதைதான். ஒரு மூலையில் மட்டும் முழங்கால் அளவு தண்ணீர் வற்றாமல் நின்றது. அதில் ஒரு மூட்டை இலுப்பைப் பிண்ணாக்கைக் கரைத்து ஊற்றினார்கள். அந்தக் காலத்தில் நாம் தலைக்குத் தேய்த்துக் குளித்தோமே, அதேதான்! அதன் நுரை மீனுக்கு ஆகாது. பிறகு அது குட்டைக்கு உரமாகிவிடும். ஏக்கர் குட்டையில் இடுப்பளவு தண்ணீர் நின்றால் 1,000 கிலோ வரை தேவைப்படும் என்பதால், வற்ற வைப்பதே சிக்கனம். பிண்ணாக்குப் போட்டபின் மூன்று வாரம் புதுக் குஞ்சு விடக்கூடாது.

அடுத்து ஏக்கருக்கு 100 கிலோ கணக்கில் சுண்ணாம்பு தூவினான். தண்ணீர் உள்ளே வரும் வழியில் கொசுவலை போன்ற நெருக்கமான வலை கட்டினான். கண்மாய்த் தண்ணீர் வந்தால் அதோடு ஜிலேபிக் குஞ்சும் வந்துவிடுமே! ஆடியில் விரல் நீளத்துக்குக் குறையாத குஞ்சுகளாக 400 கட்லா, 300 ரோகு, 300 மிர்கால் எண்ணி விட்டான். அவை நன்றாக வளர்ந்த பிறகு, மூன்று மாதம் கழித்து, சின்ன விரால் குஞ்சு 25 விட்டான். முன்னாலேயே விட்டால் விரால் கட்லாக் குஞ்சையே விழுங்கிவிடும். பிந்தி விட்டால், தப்பி வந்த ஜிலேபிக் குஞ்சை மட்டும் கவனித்துக்கொள்ளும்.

இதில் எனக்கு மனசு உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. அண்ணனின் குட்டையை வற்ற வைக்க முடிந்தது. கண்மாயையும் வைகையையும் யார் வற்ற வைத்துச் சுத்தம் செய்வது? தொட்டியில் மீன் அதிகமாகிவிட்டதென்று நம்மைப் போன்றவர்கள் இரக்கப்பட்டு ஒரு வாளி கொண்டுபோய் ஊற்றிவிட்டு வருகிறோம். சாக்கடை கலந்தும், தண்ணீர் வற்றியும் ஏற்கெனவே நலிந்துபோன நாட்டு மீனுக்கு இதுவும் ஒரு கஷ்டம். என் அம்மா சும்மா அள்ளிக்கொண்டு வந்த அயிரை, இன்று கிலோ ஆயிரம் ரூபாய்க்கு மேல் விற்கிறது. அதுவும் கேட்ட நாளில் கிடைப்பதில்லை. ஆப்பிரிக்கக் கெளுத்தி இன்னும் மோசம். அதை வளர்க்கக்கூடாதென்று அரசே தடை செய்திருக்கிறது.

ஆகவே சகோதரிகளே, தொட்டியில் கொசுப் புழுவுக்குப் பயந்தால் இறுக்கமாக மூடி வையுங்கள். வாரம் ஒரு தரம் தண்ணீரைக் கொட்டி, உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் கொசு முட்டையும் போய்விடும். குழந்தைகள் ஆசைப்பட்டு மீன் வளர்த்தால் வளர்க்கட்டும். பெருகிவிட்டால் தொட்டி வைத்திருக்கும் இன்னொரு வீட்டுக்கோ, மீன் கடைக்கோ கொடுங்கள். கண்மாயிலோ ஆற்றிலோ மட்டும் விட வேண்டாம். அது புண்ணியம் இல்லை.

போன பங்குனியில் மறுபடி வலை இழுத்தார்கள். நான் பயந்துகொண்டு தள்ளியே நின்றேன். "வந்து பாரு தங்கச்சி" என்று அண்ணன் கூப்பிட்டான். கட்லா ஒவ்வொன்றும் முக்கால் கிலோவுக்குக் குறையவில்லை. ஜிலேபி ஏழோ எட்டோதான் இருந்தன. மதினி அவற்றைத் தனியாக எடுத்து, "உன் மீனை நீயே கொண்டுபோய்க் குழம்பு வச்சுக்கோ" என்று என் வாளியில் போட்டாள். இரண்டு வருஷத்தில் அவள் அந்தப் பேச்சை எடுத்தது அந்த ஒரு தடவைதான். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

சித்திரையில் எதிர்சேவைக்கு அவர்கள் தல்லாகுளம் வந்திருந்தார்கள். பெருமாள் கோயில் வாசலில், பந்தல் வெளிச்சத்தில், மதினியின் கழுத்தில் இரட்டை வடச் சங்கிலி மின்னியது. அழகரைப் பார்ப்பதற்கு முன்னால் அதைத்தான் பார்த்துக் கும்பிட்டேன்.